கப்பல் கதவு வைத்த இரும்புலியூர் வீடு

இரும்புலியூரில் என் சகலை வீடு இருக்கும் தெருவில் ரோடு போடுவதென்றால், பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போடுவதில்லை. பழையதன்மேல் புதியது, அதன்மேல் அடுத்தது. வீடு கட்டிய காலத்தில் தெருவிலிருந்து படியேறி உள்ளே போனார்களாம். எனக்குக் கல்யாணமாகி நான் முதன்முதலில் விருந்துக்குப் போனபோது தெருவும் வீடும் ஒரே மட்டம். இப்போது படியிறங்கித்தான் போக வேண்டும். வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஊர் மேலே ஏறிவிட்டது. மூழ்குவதற்குக் கடல்தான் வேண்டும் என்பதில்லை, ரோடு கான்டிராக்டர் போதும்.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை 'சகலை' என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை 'அண்ணா' என்பேன். என் மனைவி அவரை 'அத்தான்' என்பாள், ஆனால் அந்த வார்த்தையில் மரியாதை இருக்கிறதா என்பது அன்றன்றைக்கு மாறும். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரும் குரல். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரலைத் திருப்பி ஒப்படைக்கவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருட மழையில் அந்த வீட்டு ஹாலுக்குள் தண்ணீர் வந்தது. நான் டைரியில் 'வெள்ளம்' என்று எழுதுவதில்லை. எது வரை என்று எழுதுவேன். அந்த முறை சோபாவின் கை வரை. வடிந்த பிறகு டிவி ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தண்ணீர்ப் பாம்பு சுருண்டு படுத்திருந்தது. அதை விரட்டிய கையோடு அக்கா தன் நிபந்தனையைச் சொன்னார். ஞாயிறு ஆராதனை முடிந்து, சேலையூரில் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொன்னார்.

"அடுத்த மழைக்கு ஹாலுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா வீட்டை வித்துட்டு ரெண்டு பேரும் கேளம்பாக்கம். வரமாட்டேன்னீங்கன்னா நான் மட்டும் கேளம்பாக்கம். தம்பி, நீதான் சாட்சி. நீதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவன்."

கேளம்பாக்கத்தில் அவர்கள் மகள் இருக்கிறாள். அவளும் அவள் கணவனும் கம்ப்யூட்டர் வேலை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் ஃபிளாட். அதில் அப்பா அம்மாவுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, கட்டிலும் போட்டு, ஜன்னலுக்குத் திரையும் மாட்டி வைத்திருக்கிறாள்.

சகலை மோரை ஊற்றிக்கொண்டே, "அவ்ளோ உசரத்துல மனுசன் இருப்பானா? காக்காவே பாதியில திரும்பிடும்" என்றார்.

"காக்கா வராதது நல்லது. பாம்பும் வராது" என்றார் அக்கா.

சகலை போக மறுத்ததற்குக் காரணம் உயரம் இல்லை. அந்த வீடு அவருடைய அப்பா கட்டியது. கட்டியது என்பதைவிட, கோத்தது என்று சொல்லலாம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவருடைய அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். உலகப்போர் முடிந்ததும் கடற்படைகளுக்கு ஒரு தொல்லை வந்தது. அவசர அவசரமாகக் கட்டிய கப்பல்கள் ஏராளமாக மிஞ்சிவிட்டன, சுடுவதற்கு எதிரி இல்லை. பலவற்றை உடைத்து எடைக்குப் போட்டார்கள். சிலவற்றை வியாபாரிகள் வாங்கிச் சரக்குக் கப்பலாகவும் பயணிகள் கப்பலாகவும் மாற்றினார்கள். அப்படி மாற்றும் வேலை அந்தப் பட்டறைக்கும் கொஞ்சம் வந்தது. பீரங்கி நின்ற இடத்தில் பெஞ்சு போட்டார்கள். குண்டுகளை அடுக்கிய அறையில் அரிசி மூட்டை ஏறியது. மாலுமிகள் தொங்கு படுக்கை கட்டிய கொக்கிகளில் பயணிகள் கூடையும் குடையும் மாட்டினார்கள். சாம்பல் நிறத்துக்குமேல் வெள்ளையும் பச்சையும் அடித்தார்கள். வெயிலில் ஒரு வருடம் ஓடியதும் சாம்பல் மறுபடி எட்டிப் பார்க்குமாம்.

போர்க்கப்பலின் உள்ளே இரும்புச் சுவர் வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தால் கதவை இறுக்கிவிட வேண்டும். அந்த அறை மட்டும் நிரம்பும், கப்பல் பிழைக்கும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அவர்களுக்கு விருது கொடுப்பார்கள். டிக்கெட் வாங்கிய பயணியிடம் இந்த ஏற்பாடு செல்லாது. தவிர, அந்தக் கதவுகளுக்கு நிலைப்படி முழங்கால் உயரம். வேட்டியோடும் புடவையோடும் கைக்குழந்தையோடும் தாண்ட முடியாது. ஆகவே மேல்தளத்துக் கதவுகள் பலவற்றைக் கழற்றிவிட்டு, ஆள் நிமிர்ந்து போகும்படி சுவரை வெட்டினார்கள்.

கழற்றியவற்றில் சில இரும்புலியூருக்கு வந்து சேர்ந்தன. எடைக்கு வாங்கியது என்பது குடும்பத்தின் அதிகாரபூர்வமான செய்தி. நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பித்தளை வளையம் வைத்த வட்ட ஜன்னல் குளியலறைக்கு வெளிச்சம் தந்தது. செங்குத்தான இரும்பு ஏணி ஹாலின் மூலையில் நின்று மொட்டை மாடிக்குப் படியானது. அதில் ஏறுபவர் இறங்கும்போது முதுகைக் காட்டித்தான் இறங்க வேண்டும். அப்புறம் ஒரு கதவு. சட்டத்தோடு முழுசாக வந்தது. நான்கு மூலையும் வளைந்த, ஆள் குனிந்து நுழையும் அளவு இரும்புக் கதவு. சுற்றிலும் எட்டுப் பிடிகள். ஒவ்வொரு பிடியையும் உள்ளிருந்தும் திருகலாம், வெளியிலிருந்தும் திருகலாம். திருகினால் கதவு சட்டத்தோடு அழுந்திக்கொள்ளும். அதை மாட்ட அந்த வீட்டில் யாருக்கும் யோசனை தோன்றவில்லை. மொட்டை மாடியில் படுக்கப்போட்டு, மூன்று தலைமுறைப் பெண்கள் அதன்மேல் வத்தல் காயவைத்தார்கள். இரும்பு சூடேறும், வத்தல் ஒரே நாளில் காயும். கடற்படைச் சொத்து இவ்வளவு உபயோகமாக வேறெங்கும் இருந்திருக்காது.

எந்தக் கப்பலின் கதவு என்று மட்டும் கேட்கக் கூடாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அது கண்ணிவெடி வாரும் சின்னக் கப்பல். சில வருடம் கழித்து அது நீர்மூழ்கிகளை வேட்டையாடியது. சகலை ஓய்வு பெற்ற வருடம் அது நடுக்கடலில் அடிவாங்கி, இந்த ஒரு கதவினாலேயே பிழைத்துக் கரை சேர்ந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் போரையே அதுதான் முடித்திருக்கும்.

அந்தக் கதவை வாசலில் மாட்டுவது என்று சகலை முடிவெடுத்தார்.

வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்ற பேச்சு முதலில் வந்ததுதான். எங்கள் பக்கத்தில் அது இப்போது சாதாரணம். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிவிட்டார். அவர் குடும்பம் அந்த ஊரின் பழைய குடும்பம். அவருடைய அப்பா நெல் விளைவித்த இடத்தில் இவர் ஜல்லியும் மணலும் விற்கிறார். சகலை வீட்டைப் பார்த்த ஜாக்கிக்காரர்கள் சுவரைத் தட்டிப் பார்த்து, இதைத் தூக்கினால் பாதிதான் மேலே வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

வெல்டிங் நடந்த அன்று நானும் இருந்தேன். மர வாசற்காலைப் பெயர்த்து, இரும்புச் சட்டத்தைப் பதித்து, சுற்றிலும் கான்கிரீட் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் உயர்ந்த வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார்.

"இன்னா சார், வூட்டுக்கு லாக்கர் கதவு மாட்றீங்க? உள்ள தங்கம் எத்தினி கிலோ கீது?"

"இது போர்க்கப்பல் கதவுப்பா. தண்ணி ஒரு பொட்டு உள்ள வராது."

"அதுக்கு இன்னாத்துக்கு சார் இவ்ளோ பேஜாரு? எங்க வூட்ட தூக்கல? ஜம்முனு கீதே."

"தூக்கி வெச்சா அது வீடா? மேடை."

"கரீட்டு. நாங்க மேட மேல குந்திகினு கீறோம். நீங்க கீய நீச்சல் அடிச்சிகினு கீறீங்க."

கதவு உள்பக்கம் திறப்பதா வெளிப்பக்கம் திறப்பதா என்று ஒரு விவாதம் வந்தது. வெல்டர் எல்லா வீட்டையும் போல உள்பக்கம் என்றார். சகலை விடவில்லை. வெளியே திறக்கும்படி வைத்தால், தெருத் தண்ணீர் தள்ளத் தள்ளக் கதவு இன்னும் இறுகும் என்றார். அது சரியான யோசனைதான், நானே ஒப்புக்கொண்டேன். பஸ் கூண்டு கட்டும் இடத்திலிருந்து ரப்பர் பட்டை வாங்கிவந்து கதவின் விளிம்பில் ஒட்டினார். பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார். ஜன்னல்களின் கீழ்விளிம்பு உயரம்தான், அதுவரை தண்ணீர் வந்ததில்லை. பிறகு ரப்பர் குழாயால் வெளியிலிருந்து கதவின்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். உள்ளே அக்கா வெள்ளைத் துணியை விரித்துவைத்துப் பார்த்தார். துணி நனையவில்லை. அன்று சகலையின் நடையே மாறிவிட்டது.

அதன்பிறகு அந்த வீட்டுக்குள் போவது ஒரு சடங்கானது. குனிய வேண்டும், காலைத் தூக்க வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். பால் பாக்கெட் போடுபவர் பாலை வெளியிலேயே வைத்துவிட்டுப் போனார். ஜெபம் பண்ண வந்த பாஸ்டர் நிலைப்படியில் முழங்காலை இடித்துக்கொண்டு, சற்று நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். அது பக்தி என்று சகலை நினைத்தார். பாஸ்டர் வேதத்திலிருந்து எந்தப் பகுதியை வாசித்தார் என்று நான் எழுத வேண்டியதில்லை. வெள்ளம் என்றால் எல்லோருக்கும் பேழை கட்டிய அந்த ஒரு பகுதிதான்.

பிடிகளை இறுக்குவதற்கும் ஒரு வரிசை இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, எதிரெதிராக. அப்படிச் செய்யாவிட்டால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும் என்று அவருடைய அப்பா சொன்னாராம். சகலை எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒருநாள் என் மனைவி பொறுமை இழந்தாள். "அத்தான், வெளிநாட்டுலல்லாம் சண்டை முடிஞ்சதும் சின்னச் சின்ன படகை வாங்கி வீடாக்கிக் குடிபோனாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அவங்க கப்பலை வீடாக்கினாங்க. நீங்க வீட்டைப் போய்க் கப்பலாக்குறீங்க."

"அவங்களுக்கு வீடு இல்லை. எனக்கு இருக்கு" என்றார் சகலை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு அந்த ஏணியின் கம்பியைக் கையால் ஒருமுறை துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மழை வந்தது. இரவெல்லாம் பெய்து, விடிந்தும் நிற்கவில்லை. காலையிலேயே அக்காவிடமிருந்து போன்: "தம்பி, கிளம்பி வா. சாட்சி சொல்ல ஆள் வேணும்." நானும் மனைவியும் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம். தெரு முனையில் வண்டியை மேடான இடத்தில் நிறுத்திவிட்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தோம். வாசலில் அது இன்னும் நிலைப்படி உயரத்தைத் தொடவில்லை. நாங்கள் உள்ளே தாண்டியதும் சகலை கதவைச் சாத்தி, வரிசைப்படி எட்டுப் பிடிகளையும் இறுக்கினார். பஸ் கிளம்பும்போது கண்டக்டருக்கு வரும் முகம் அவருக்கு வந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. யாருடைய வீட்டுப் பிளாஸ்டிக் வாளியோ அவசரமே இல்லாமல் மிதந்து போனது. வாசலுக்கு வெளியே தண்ணீர் இடுப்பளவு. வாசலுக்கு உள்ளே நிலைப்படியை நான் விரலால் தடவிப் பார்த்தேன். தூசி இருந்தது. ஈரம் இல்லை.

"என்ன சகலை, தூசிதானே?"

"தூசிதான் அண்ணா."

"எழுதிக்கோ."

அக்கா கதவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அடுப்படிக்குப் போய் வாழைக்காயைச் சீவ ஆரம்பித்தார். அக்கா பஜ்ஜி போடுகிறார் என்றால் பாதி இறங்கி வந்துவிட்டார் என்று அர்த்தம். என் மனைவி என்னிடம் மெதுவாக, "அக்கா தோத்துடுவா போல" என்றாள்.

சகலை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, அந்தக் கப்பல் இந்தக் கதவினால் பிழைத்த கதையை ஆரம்பித்தார். இந்த முறை அதில் ஒரு கேப்டனும் புதிதாகச் சேர்ந்திருந்தார். கேப்டன் அவருடைய அப்பாவின் கையைக் குலுக்கும் இடத்துக்கு வந்தபோது, குளியலறையில் யாரோ வாய் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

நாங்கள் நான்கு பேரும் ஹாலில்தான் இருந்தோம்.

மறுபடி கேட்டது. அக்கா போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு, பாடத்தைக் கவனிக்காத வகுப்பைப் பார்ப்பதுபோலக் குளியலறை வாசலில் நின்றார்.

"எல்லா வாசலையும் அடைச்சீங்களே. கக்கூசை அடைச்சீங்களா?"

தெருவில் இடுப்பளவு நின்ற தண்ணீர், செப்டிக் டாங்க்கை நிரப்பி, குழாய் வழியாகச் சாவகாசமாக மேலே வந்துகொண்டிருந்தது. கழிவறைப் பீங்கான் நிரம்பி வழிந்தது. அடுத்து குளியலறைத் தரையின் சல்லடை. அடுத்து அடுப்படித் தரையின் துவாரம். எங்கெல்லாம் வீட்டிலிருந்து தண்ணீர் வெளியே போகுமோ, அங்கெல்லாம் உள்ளே வந்தது. வந்தது தண்ணீர் மட்டும் இல்லை. விவரிக்க மாட்டேன், நிறத்தை டைரியிலும் எழுதவில்லை.

"சாக்கு! சாக்கு எடு!" என்று சகலை கத்தினார். சாக்கு, பழைய புடவை, தலையணை, கையில் கிடைத்ததையெல்லாம் ஓட்டைகளில் திணித்து மிதித்தோம். வேகம் குறைந்தது, வரத்து நிற்கவில்லை. ஹாலில் பாதம் நனைந்தது, பிறகு கணுக்கால். மெயின் சுவிட்சை நான் அணைத்தேன். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு அக்கா, பொரித்த பஜ்ஜித் தட்டையும் எடுத்துக்கொண்டார். அந்த நெருக்கடியிலும் சகலை வழக்கை விடவில்லை.

"நீ என்ன சொன்னே? வாசல் வழியா வந்தாத்தான்னுதானே சொன்னே?"

"ஹாலுக்குள்ள வந்தாலேன்னு சொன்னேன்."

"சகலை, நீ சொல்லு. வாசல் வழியா ஒரு பொட்டு வந்துச்சா?"

"வாசல் வழியா வரலை அண்ணா."

"கேட்டியா!"

"ஆனா ஹாலுக்குள்ள வந்திருக்கு."

"உன்னை யாரு அதைக் கேட்டா?"

"அத்தான், முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு. மேல ஏறி வந்து சண்டை போடுங்க" என்றாள் என் மனைவி. ஒவ்வொருவராக இரும்பு ஏணியில் ஏறினோம். அவர்தான் கடைசி. மாடியில் தகரக் கொட்டகையின் கீழ், துணி காயப்போடும் கயிற்றுக்கு நடுவில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டோம். சகலை மட்டும் தொடவில்லை.

மதியத்துக்குப் பிறகு மழை விட்டது. எங்கேயோ மதகைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. தெருத் தண்ணீர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. ரோடு தெரிந்தது. வாசலுக்கு முன்னால் கணுக்கால் அளவுதான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். மேலே எங்களைப் பார்த்தார்.

"சார், தெருவுல தண்ணி போய்ச்சு. உங்க வூட்டுக்குள்ள மட்டும் அப்டியே கீதே சார்?"

உண்மைதான். நாங்கள் அடைத்த சாக்குகளுக்கு இப்போது அந்தப் பக்கமிருந்து தள்ளுவதற்கு ஆள் இல்லை. இந்தப் பக்கத் தண்ணீர் அழுத்த அழுத்த அவை இன்னும் நன்றாக அடைத்துக்கொண்டன. வாசலிலோ கடற்படைக் கதவு. இரும்புலியூர் முழுக்க வடிந்துவிட்டது. எங்கள் ஹால் ஒன்றுதான் ஏரியாக நின்றது. உள்ளே சோபா தொட்டில்போல ஆடிக்கொண்டிருந்ததை ஏணித் துவாரம் வழியாகப் பார்த்தேன்.

"வெளியிலேர்ந்து தொறந்து வுடட்டா சார்?" என்று கேட்டுக்கொண்டே அவர் கதவை நெருங்கினார். கூடவே தெருவில் வேடிக்கை பார்த்த இரண்டு மூன்று பேர்.

சகலை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "இருப்பா! வரிசையா தொறக்கணும்! மொதல்ல மேல் பிடி, அப்புறம் நேர் எதிரே கீழ்ப் பிடி!" என்றார்.

"இன்னா சார், கதவு தொறக்கறதுக்குக் கோச்சிங் கிளாஸா?"

"எதிர்ல நிக்காதே! ஓரமா நில்லு! அது வெளிப்பக்கம் தொறக்கும்!"

கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவர் எட்டாவது பிடியைத் தட்டியதும் கதவு தானாகவே திறந்தது. திறந்தது என்பது சரியான சொல் இல்லை. உள்ளே நிலைப்படிக்கு மேல் அடைபட்டிருந்த அத்தனையும் கதவோடு சேர்ந்து ஒரே மூச்சில் தெருவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்த நிலையிலேயே தன் வீட்டுப் படிவரை போய்ச் சேர்ந்தார். அவரைச் சுற்றிச் செருப்புகளும் வெங்காயமும் சோபா மெத்தையும் ஒரு டிவி ரிமோட்டும் போய்க் கரையேறின. அவர் எழுந்து, முகத்தை வழித்து, கையை முகர்ந்து பார்த்தார்.

"சார்! இது மழத் தண்ணி இல்ல சார்!"

தெருவே சிரித்தது. என் மனைவி சிரித்துச் சிரித்துக் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சகலை மட்டும் ஏணியில் இறங்கிப் போய்விட்டார்.

நாங்கள் இறங்கியபோது அவர் சாக்குகளை உருவி, நிலைப்படிக்குக் கீழே நின்ற தண்ணீரையும் வடியவிட்டு, ஹாலின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். சுவரில் இடுப்பளவில் ஒரு கோடு. தரையில் விரல்கடை சேறு. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தை எடுத்து, மூலையிலிருந்து தள்ள ஆரம்பித்தார். கேளம்பாக்கம் என்ற சொல்லை எடுக்கவில்லை. என்னிடம் சாட்சி கேட்கவில்லை. சண்டைக்குத் தயாராக நின்ற சகலைக்கு அது புரியவில்லை. வாசல் வழியாக வரவில்லை என்பதை அவர் இன்னொருமுறை சொல்வதற்கு வாயெடுத்ததை நான் பார்த்தேன். அக்காவின் கால் சேற்றில் வழுக்கியது. விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையை எடுத்தபோது சுவரில் சேற்றுக் கையடையாளம் இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு மறுபடி தள்ள ஆரம்பித்தார். அறுபதைத் தாண்டியவர். மூச்சு வாங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

சகலை துடைப்பத்தை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"பொண்ணுக்கு ஃபோனைப் போடு" என்றார்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"என்ன சொல்லணும்னு சொல்லுங்க. அப்புறம் நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன்னு ஊரெல்லாம் சொல்வீங்க."

"நான் சொன்னேன்னு சொல்லு. கட்டில் போட்டு வெச்சிருக்காளே, அதுல நடுவுல குழி இல்லாம நல்ல மெத்தையா ஒண்ணு வாங்கிப் போடச் சொல்லு."

அக்கா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மகளிடம் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வர வழக்கத்தைவிட நேரமானது. வந்தபோது கண் சிவந்திருந்தது. என் மனைவி கேட்டதற்கு, பினாயில் வாடை என்றார். அதுவரை யாரும் பினாயில் ஊற்றவில்லை.

வீட்டைப் பக்கத்து வீட்டுக்காரரே எடுத்துக்கொண்டார். இடித்துவிட்டு குடோன் கட்டப் போகிறார். பேசி முடிக்க வந்தபோது குளித்துவிட்டு, சென்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "அந்த நாத்தம் போறதுக்கு மூணு சோப்பு சார்" என்றார். மனத்தாங்கல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கதையை அவர்தான் தெருவெங்கும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தான் படியில் போய் இறங்கும் இடத்தில் கொஞ்சம் வேகத்தையும் கூட்டியிருந்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்து, வீடு மாற்றும் நாள் வந்தது. லாரியும் நான்கு ஆட்களும் வந்தார்கள். நான் சேலையூரிலிருந்து நேரத்தோடு போய், அட்டைப் பெட்டிகளுக்கு எண் போட்டுக் கொடுத்தேன். பாத்திரம், துணி, டிவி எல்லாம் போயிற்று. பிறகு இரண்டு பேர் ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். கதவைப் பார்த்தார்கள். ஃபிரிட்ஜைச் சாய்த்துப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள்.

"சார், இந்த ஓட்டைல எப்டி சார் போவும்?"

"எப்படி உள்ள வந்துச்சோ அப்படித்தான்."

"இது வந்தப்ப இந்தக் கதவு இருந்துச்சா சார்?"

ஃபிரிட்ஜ் போகாது. பீரோ போகாது. கட்டிலின் தலைப்பலகை போகாது. ஜன்னல்களில் கம்பி. பின்வாசலில் அவரே பூசிய சுவர். ஆட்களில் ஒருவர் பீரோவை அறுத்து எடுத்துப் போய் அங்கே வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் டீ குடிக்கப் போய்விட்டார். கதவு மாட்டிய வெல்டரைக் கூப்பிட்டால் ஊருக்குப் போயிருந்தார், பொங்கல் கழித்துத்தான் வருவாராம்.

"அண்ணா, சுவரை இடிக்கச் சொல்லலாமா? எப்படியும் இடிக்கத்தானே போறாரு" என்றேன்.

"வேணாம். இடிச்சா சட்டம் கோணிக்கும்."

அவர் சட்டையைக் கழற்றி ஏணியில் மாட்டினார். ஸ்பேனரும் சுத்தியலும் கொண்டுவரச் சொன்னார். முதலில் கீலின் ஊசிகளைத் தட்டிக் கழற்றி, கதவை ஆட்கள் உதவியோடு தனியே எடுத்துச் சுவரில் சாய்த்தார். பிறகு சட்டத்தைச் சுற்றி கான்கிரீட்டைத் தானே கொத்தினார். மாட்டும்போது பேசிய அளவுக்கு இப்போது பேசவில்லை. எந்தக் கப்பல் என்று லாரிக்காரர் கேட்டதற்கு, "தெரியாது. எங்க அப்பாவும் சொன்னதில்லை" என்றார். அந்தக் கேள்விக்கு அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மையான பதில் அதுதான்.

சட்டம் கழன்று வெளிப்பக்கம் சரிந்ததும், அதைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்காரரும் ஓடி வந்தார். வாசல் இருந்த இடத்தில் கரடுமுரடாக ஒரு பெரிய திறப்பு. காலை வெயில் ஹாலின் பாதி வரை வந்து விழுந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு அந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது.

அக்கா நடுஹாலில் நின்று சுற்றிப் பார்த்தார். "இவ்ளோ வெளிச்சமா இருந்த வீடா இது?" என்றார்.

சகலை சுத்தியலைக் கீழே வைத்தார். உள்ளங்கையில் கொப்புளம் வந்திருந்தது. அதை ஊதிக்கொண்டே ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? பீரோவை மொதல்ல எடுங்க. கண்ணாடி பத்திரம், எங்க வீட்டம்மாவோட சீர் அது."